ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் ஆட்டம்

கேள்வி: ஐயா, நான் திருமங்கலத்தில் குடியிருக்கிறேன். டி.கல்லுப்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. போக வர தினமும் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வண்டி 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக ஸ்டீயரிங் லூசாக இருக்கிறது. இரண்டு விரல் அகலத்துக்குத் திருப்பிய பிறகுதான் வண்டி திரும்புகிறது. நான்கு வழிச்சாலையில் 70-க்கு மேல் போனால் மிதக்கிற மாதிரி இருக்கிறது. விடாமல் நேர்ப்படுத்திக்கொண்டே வர வேண்டும். ஊர்ப்புற வேகத்தடைகளில் இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டேன். இரண்டு தாள்களையும் இணைத்திருக்கிறேன். ஒரு மெக்கானிக், "ரேக்கை டைட் பண்ணிவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார். இன்னொருவர், ரேக்கையே மாற்ற வேண்டும், இருபதாயிரம் ஆகும் என்கிறார். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை இப்படியே ஓட்டலாமா?

பதில்: டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டாதீர்கள். கீழே சொல்லப்போகிற சோதனைகளை ஒரு முறையாவது செய்து பார்க்கும் வரை பள்ளிக்குப் பேருந்தில் போய் வாருங்கள். கப்பலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் வண்டியை ஏற்றவே வேண்டாம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

அந்தத் தாள்களில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தாளில், வேலை முடிந்த பிறகு எடுத்த கணக்கில், முன் சக்கரங்களின் 'டோ', அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்த்திருக்கும் கோணம், இடது 0.05 டிகிரி, வலது 0.05 டிகிரி. இரண்டும் சமம். நல்ல வேலை. பத்தொன்பது நாள் கழித்து எடுத்த இரண்டாம் தாளில், கை வைப்பதற்கு முன் எடுத்த கணக்கைப் பாருங்கள். வலது அதே 0.05. இடது மட்டும் மைனஸ் 0.40. அதாவது உங்கள் வலது சக்கரம் வைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. இடது சக்கரம் யாரும் தொடாமலே வெளிப்பக்கம் பார்க்கத் திரும்பியிருக்கிறது. அலைன்மெண்ட் பார்த்தவர் சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் டை ராடு என்ற கம்பியைத் திருகி எண்ணைச் சரிக்குக் கொண்டுவந்து, தாளைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். 'இது ஏன் நகர்ந்தது?' என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை, அந்தத் தாளைப் பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் கேட்கவில்லை.

ஒரு பக்க டோ மட்டும் தானாக நகர்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்தான் இருக்கும். அலைன்மெண்ட் முடித்தபோது டை ராடை நகராமல் பூட்டும் லாக் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். பள்ளத்தில் இறங்கி டை ராடு வளைந்திருக்கலாம். அல்லது அந்தப் பக்கத்து ஜாயிண்ட்டு ஏதோ ஒன்று தேய்ந்து, சக்கரம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் உட்காரலாம். வேகத்தடையில் இடது பக்கம் 'டொக்' என்று கேட்கிறது என்கிறீர்கள். அதனால் நான் மூன்றாவது காரணத்தின் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது லாக் நட்டை. பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. லூசாக இருந்தால் அதைவிட ஆபத்தும் கிடையாது.

தேய்ந்த ஜாயிண்ட்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்ப்பது, ஆடுகிற தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. எண் வரும், அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. அலைன்மெண்ட் என்பது அளவு எடுத்துத் திருத்துகிற வேலை. தேய்ந்ததை அது சரிசெய்யாது. எல்லாப் பழுதும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டியதை, நம் ஊரில் முதல் வேலையாகச் செய்துவிடுகிறார்கள்.

இனி இரண்டு விரல் ஆட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் பிடிக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து டயர் வரைக்கும் ஒரே கம்பி கிடையாது. ஸ்டீயரிங் தண்டு கீழே இறங்கி, பெடலுக்கு மேலே ஒரு குட்டித் தண்டோடு சேர்கிறது. அந்தக் குட்டித் தண்டின் இரு முனையிலும் 'கிராஸ்' என்று பட்டறையில் சொல்லும் ஜாயிண்ட்டு உண்டு. அதற்குக் கீழே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது ரேக் என்ற பல்லுள்ள நீளத் தண்டை இடமும் வலமும் தள்ளுகிறது. ரேக்கின் இரு முனையிலும் ரப்பர் பெல்லோவுக்குள் ஒளிந்திருப்பது ரேக் எண்ட். அதற்கு அடுத்தது டை ராடு எண்ட். அது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்துத் திருப்புகிறது. நக்கிளுக்குக் கீழே அதை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மும், கிண்ணத்துக்குள் பந்து சுழலும் பால் ஜாயிண்ட்டும், நடுவில் வீல் பேரிங். இந்த வரிசையில் எங்கே தேய்ந்தாலும் எல்லோரும் சொல்வது ஒரே சொல்தான்: ஸ்டீயரிங் லூஸ்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நக்கிளில் டை ராடு பிடிக்கும் இடத்துக்கும் சக்கரம் திரும்பும் அச்சுக்கும் நடுவே சுமார் 13 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் 1 மில்லிமீட்டர் தேய்மானம் வந்தால் சக்கரம் ஏறக்குறைய 0.44 டிகிரி தன் இஷ்டத்துக்கு ஆடும். சின்ன கார்களில் ஸ்டீயரிங்கை சுமார் 17 டிகிரி திருப்பினால்தான் சக்கரம் 1 டிகிரி திரும்பும். அப்படியானால் அந்த 0.44 டிகிரி, உங்கள் கைக்கு வரும்போது ஏழு டிகிரிக்கு மேல். ஸ்டீயரிங் விளிம்பில் அது 23 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தேய்மானத்துக்கு ஒன்றரை விரல் ஆட்டம். பெரிய ஆட்டத்துக்குப் பெரிய பழுது இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பதற்காகத்தான் இதைப் போட்டுக் காட்டினேன். ரேக்கையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே நகையை அடகு வைக்கக் கிளம்ப வேண்டாம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சில நேரம் இதைத் தவறவிடுவார்கள். மேலே சொன்ன கணக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால்தான் முழுசாகப் பொருந்தும். ஒரு பக்கத்து டை ராடு எண்ட் மட்டும் தேய்ந்தால், நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டவுடனே மறுபக்கத்துச் சக்கரம் திரும்பிவிடும். கையில் ஆட்டம் குறைவாகத்தான் தெரியும். ஆனால் ரோட்டில் மிதப்பு அதிகமாக இருக்கும், ஏனென்றால் ஒரு சக்கரம் யாருக்கும் கட்டுப்படாமல் இருக்கிறது. லாரி பக்கத்தில் தாண்டிப் போனால் அந்தக் காற்றுக்கு அது ஒரு திசை பார்க்கும். ரோடு சரிந்தால் இன்னொரு திசை பார்க்கும். இதற்கு நேர்மாறாக, இரண்டு சக்கரமும் அசையாமல் கையில் மட்டும் இரண்டு விரல் ஆட்டம் என்றால், தேய்மானம் சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லை, மேலே இருக்கிறது: கிராஸ் ஜாயிண்ட்டிலோ, ரேக்கிலோ, ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷிலோ.

உங்கள் கடிதத்தில் இரண்டும் இருக்கின்றன. கையிலும் ஆட்டம், ரோட்டிலும் மிதப்பு. அதனால் இரண்டு இடத்தில் தேய்மானம் இருக்கிறது என்றே சந்தேகப்படுகிறேன். இடது பக்கம் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட் ஒன்று. மேலே கிராஸ் ஜாயிண்ட்டு ஒன்று. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் சரியாகலையே" என்று நீங்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அளந்து பார்ப்பதில் தொடங்குங்கள். சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வையுங்கள். உங்கள் வண்டியில் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் என்பதால் என்ஜின் ஓட வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே. ஸ்டீயரிங் விளிம்பின் உச்சியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுங்கள். பிள்ளைகளின் அடிஸ்கேலைப் பக்கத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளியே இன்னொருவர் முன் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஒரே ஒரு விரலால் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு பக்கம் தள்ளி, டயர் அசையத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு மறுபக்கம். இரண்டு குறிக்கும் நடுவில் 30 மில்லிமீட்டர் வரை இருந்தால் பொதுவாகச் சின்ன கார்களுக்கு ஏற்கத்தக்கதுதான். சரியான எண் உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் உங்கள் கை சொன்னது உண்மை. டயரைப் பார்ப்பவரிடம், இடது டயர் முதலில் அசைகிறதா, வலது முதலில் அசைகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பின்னாக அசைந்தால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த 30 என்ற எண்ணில் ஒரு குழப்பம் வரும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, ஸ்டீயரிங்கில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. டிகிரி வேறு, மில்லிமீட்டர் வேறு. 30 டிகிரி என்றால் கார் ஸ்டீயரிங்கின் விளிம்பில் கிட்டத்தட்ட நான்கு அங்குலம் வரும். சட்டத்தின் கடைசி எல்லை அது. "ரூல்படி இன்னும் நிறைய இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். அதே விதி, ஸ்டீயரிங் இணைப்பில் இருக்கும் பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியம். நம் பக்கம் அந்த ரப்பர் மூடி கிழிந்தால் வண்டியின் கதை வேகமாக முடியும். திருமங்கலம், கல்லுப்பட்டி சுற்றி கரிசல் பூமி. வெயில் காலத்தில் மாவு மாதிரித் தூசி பறக்கும், மழை பெய்தால் அதே மண் பசையாகி ஜாயிண்ட்டைச் சுற்றி அப்பிக்கொள்ளும். கிழிசல் வழியே அது உள்ளே போய் கிரீஸோடு கலந்தால், பந்தையும் கிண்ணத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். மாசியில் குலதெய்வக் கோயிலுக்கென்று வண்டிப்பாதையில் இறக்கி ஏற்றிய கார்கள், பங்குனி பிறந்ததும் என் பட்டறைக்கு வரிசையாக வருவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையிலேயே நிற்கட்டும், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்குத் திருப்பி வையுங்கள். உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, அந்த இரண்டு விரல் அளவுக்கு மட்டும், அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுசாகத் திருப்பினால் கீழே இருப்பவர் கை நசுங்கும். இதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொருவர் பெடலுக்கு மேலே டார்ச் அடித்து அந்தக் குட்டித் தண்டைப் பார்க்கட்டும். கிராஸுக்கு மேல் பகுதி திரும்பிய பிறகு கீழ்ப் பகுதி ஒரு கணம் தாமதித்துத் திரும்பினால் பழுது அங்கே. உடனே மாற்றக் கிளம்பாமல் அந்த இடத்துக் கிளாம்ப் போல்ட்டை ஸ்பேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டு தளர்ந்திருப்பதே மொத்தப் பிரச்சினையாக இருந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே சரியாக இருந்தால், கீழே டயருக்குப் பின்னால் கையை விட்டு டை ராடு எண்ட்டின் மேல் இரண்டு விரலை வைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். 'டிக் டிக்' என்று விரலில் தட்டும். அங்கே தட்டாவிட்டால் ரேக்கின் பெல்லோவை லேசாக அமுக்கிப் பிடித்து உள்ளே இருக்கும் ரேக் எண்ட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரேக் முழுவதுமே தன் இடத்திலிருந்து நகர்ந்து வந்தால், அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது. அதற்கு ரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வலது பக்கமும் இதே மாதிரி செய்து ஒப்பிடுங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று கை தெரிந்துகொண்டால்தான் கெட்டதை அடையாளம் காணும்.

மூன்றாவது சோதனைக்குச் சக்கரத்தைத் தூக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் கீழே படுக்க விடாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதும் கூடாது, அது சொல்லாமல் உடையும். ஸ்டாண்டு வேண்டும். தூக்கிய இடது சக்கரத்தைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இருக்கும் இடத்தில் இரு கையாலும் பிடித்து மாறி மாறித் தள்ள வேண்டும். அப்படி ஆடினால் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட். பிறகு 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்ட வேண்டும். இரண்டு வகையிலும் ஆடினால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பேரிங்தானா என்று உறுதிப்படுத்த எளிய வழி உண்டு: உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் போட்டதும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் போட்ட பிறகும் 12-6-இல் ஆடினால் கீழே பால் ஜாயிண்ட்டு. அதையும் உறுதி செய்ய டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்பிப் பார்க்க வேண்டும். கையோடு லோயர் ஆர்ம் புஷ்ஷையும் நெம்பிப் பார்த்துவிடலாம். பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போவதுண்டா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அந்த புஷ்ஷின் மேல் சந்தேகம் கூடும்.

டயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்று குறைந்தாலும் ஸ்டீயரிங் மந்தமாகும், வண்டி மிதக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். ஓடாமல் ஆறிய டயரில் அந்த அளவுக்கு வையுங்கள். இடது முன் டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழு என்றும் எதிர்த்திசையில் அரத்தைத் தடவுவது போலவும் இருந்தால், டோ நெடுநாளாகக் கெட்டிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று நடுங்கினால் அது வேறு விஷயம். வீல் பேலன்சிங் பார்க்க வேண்டும்.

இனி "ரேக்கை டைட் பண்ணுவது" பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

பழைய ஜீப், லாரிகளில் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும். அதன் மேலே ஒரு ஸ்க்ரூ. உள்ளே பல் தேய்ந்து ஆட்டம் வந்தால் அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி ஆட்டத்தை எடுப்பது முறையான வேலை. அந்த வண்டிகளில் தொழில் கற்றவர்களுக்குக் கை அப்படியே பழகிவிட்டது. கார்களில் ரேக் வந்த பிறகும் அதன் அடியில் ஒரு ஸ்க்ரூ இருப்பதைப் பார்த்தார்கள், அதையும் திருகினார்கள். ஆனால் அந்த ஸ்க்ரூவின் வேலை வேறு. ரேக் கைடு என்ற ஒரு கட்டையை ஸ்பிரிங் வைத்து ரேக்கின் முதுகில் அழுத்தி, ரேக் பினியனை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்குத் தயாரிப்பாளர் ஓர் அளவு கொடுத்திருப்பார்.

நம் வண்டிகள் பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகின்றன? அதனால் ரேக்கின் நடுப் பற்கள்தான் தேயும், ஓரத்துப் பற்கள் புதிதாகவே இருக்கும். நடுவில் இருக்கும் ஆட்டம் போகும் வரை ஸ்க்ரூவை இறுக்கினால், ஸ்டீயரிங்கை வளைத்துத் திருப்பும்போது ஓரத்தில் போய் இறுகும். திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. ஊருக்குள் ஓட்டும்போது "அடடே, கெட்டியாயிடுச்சே" என்று சந்தோஷமாக இருக்கும். மலையில் தெரியும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் கொண்டுவந்த சின்ன காரில் ரேக்கை இப்படி இறுக்கிக் கொடுத்தேன். ஆட்டம் சுத்தமாகப் போய்விட்டது. அவரும் மகிழ்ச்சியாகப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் குடும்பத்தோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறியிருக்கிறார். ஒரு கொண்டை ஊசி வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் அங்கேயே நின்றுவிட்டது. இழுத்துத் திருப்புவதற்குள் வண்டி எதிர்ப்பக்கம் ஏறி, சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருக்கிறது. எதிரே பேருந்து எதுவும் வரவில்லை. அவர் திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. "பின்னாடி பிள்ளைங்க இருந்துச்சுக" என்று மட்டும் சொன்னார். இறுக்கியதைத் தளர்த்திவிட்டு ஜாக்கி வைத்துத் தேடினேன். தேய்ந்திருந்தது ஒரு டை ராடு எண்ட். நான் தேடாமலே இறுக்கியிருந்தேன். அன்றிலிருந்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்காமல் எதையும் இறுக்கியதில்லை.

எனவே உங்களிடம் டைட் பண்ணலாம் என்றவரிடம், "எந்த ஜாயிண்ட்டு ஆடுதுன்னு காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். காட்டினால் நல்ல தொழில்காரர். ரேக்கை மாற்றச் சொன்னவரிடமும் இதையே கேளுங்கள். ரேக்கே தேய்ந்திருக்க வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து, அதன் பிறகும் பினியன் திரும்பி ரேக் நகரத் தாமதித்தால்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். பவர் ஸ்டீயரிங் ஆயில் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், உங்கள் வண்டியில் அந்த ஆயிலே கிடையாது, மோட்டார்தான் உதவுகிறது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டுக்குள்ளிருந்து 'டக் டக்' என்று கேட்டால், பல கார்களில் அந்த மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் நொறுங்கியிருக்கும். அதை மாற்றப் பழகியவரிடம் போக வேண்டும்.

டை ராடு எண்ட் என்று முடிவானால் செலவு சில நூறு ரூபாய் பாகமும் கூலியும்தான். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இரண்டும் ஒரே தூரம் ஓடியவை. பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்று வருகிறதோ, அத்தனை சுற்றில் புதியது ஏற வேண்டும். அப்போதுதான் அலைன்மெண்ட் கடை வரை வண்டி ஒழுங்காகப் போகும். சுத்தியலால் மரை மேல் அடித்துக் கழற்றக் கூடாது, புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியைப் போட வேண்டும். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் இருந்தால் புதியதுதான். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதையும், பின்னுக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கி விடுவதையும் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். ரப்பர் மூடி மட்டும் கிழிந்து ஜாயிண்ட்டு இன்னும் கெட்டியாக இருந்தால் மூடியை மட்டும் மாற்றலாம். ஆட ஆரம்பித்த ஜாயிண்ட்டுக்குப் புது மூடி போட்டால், பழுது மறைந்து இருக்குமே தவிர போகாது.

குட்டித் தண்டை மாற்றுவதானால், கழற்றுவதற்கு முன் ஸ்டீயரிங்கை நேராக வைத்து அசையாமல் கட்டிவிட வேண்டும், தண்டு உட்காரும் இடத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் தனியாகச் சுற்றிவிட்டால் உள்ளே சுருண்டிருக்கும் வயர் பட்டை அறுந்துவிடும். அது தனிச் செலவு.

மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். டை ராடு எண்ட்டின் தண்டை இரண்டு விரலால் பிடித்து அசையுங்கள். புதியது கஞ்சத்தனமாக, ஒரே சீராக அசையும். தேய்ந்தது தலையைத் தொங்கப் போடும். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது பந்துக்கிண்ண மூட்டு என்று தோள் மூட்டைக் காட்டுவீர்களே, அதே அமைப்புதான். வகுப்புக்கே எடுத்துப் போகலாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பழைய வண்டி சத்தம் போடலாம், மைலேஜ் குறையலாம், ஏசி மந்தமாகலாம். ஸ்டீயரிங் ஆடுவது வயசின் குணம் கிடையாது. டை ராடு எண்ட்டின் பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்ற வண்டி ஒன்றை மேலூர் ரோட்டில் போய் எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு முன் சக்கரமும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன. வேகத்தடைக்காக மெதுவாக வந்தபோது கழன்றதால் உள்ளே இருந்தவர்கள் நடந்து இறங்கினார்கள். ஒரு மாதமாக 'டொக்' என்று கேட்டுக்கொண்டிருந்தது என்று அவர்களும் சொன்னார்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இன்று மாலையே அடிஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், லாக் நட்டையும் ஒரு ஸ்பேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டை ராடு எண்ட்டில் விரலுக்குத் தட்டினால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தட்டாமல் மேலே மட்டும் ஆட்டம் இருந்தால், 30 வேகத்தில், உள் ரோட்டில் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். வேலை முடிந்ததும் ஆளில்லாத ரோட்டில் 15 வேகத்தில் ஒரு வளைவில் திருப்பி, பிடியைத் தளர்த்திப் பாருங்கள். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர வேண்டும், இரண்டு பக்கமும். வராவிட்டால் யாரோ ரேக்கை இறுக்கியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் அலைன்மெண்ட். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி வைத்துப் பார்க்கச் சொல்லி, முன்னும் பின்னும் எடுத்த எண் இரண்டும் உள்ள தாளை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் ஓட்டிவிட்டு, திருத்தாமல் அளவு மட்டும் எடுத்துத் தரச் சொல்லி இன்னொரு தாளையும் வாங்குங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். இடது முன் சக்கரத்தின் டோ இரண்டு தாளிலும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.